மீன் தொட்டித் தண்ணீர் மாற்றம்: பினாங்கு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் வளர்ப்பு பற்றி நமக்குக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி குளிர் நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டது. "புதுத் தண்ணீரை மிதமாகச் சூடாக்கிவிட்டு ஊற்றுங்கள்" என்று அதில் இருக்கும். பினாங்கில் மத்தியானம் குழாயைத் திறந்தாலே சூடாகத்தான் வருகிறது. நமக்கு உள்ள கவலை வேறு: வெந்நீர் மாதிரி வருவதை எப்படி ஆற்றி ஊற்றுவது, வாராவாரம் வெளியே எடுக்கும் தண்ணீரை எதற்குப் பயன்படுத்துவது. கீழே உள்ள கேள்விகள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான் வருகின்றன. முதல்முறை தொட்டி வைத்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு ஒவ்வொன்றையும் விளக்கியிருக்கிறேன்.

தொட்டித் தண்ணீருக்கும் புதுத் தண்ணீருக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம்?

இரண்டு டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் பெரும்பாலான மீன்களுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் போனால், எவ்வளவு தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 லிட்டர் தொட்டி, வெப்பநிலை 28 டிகிரி. அதில் 25 லிட்டரை எடுத்துவிட்டு 34 டிகிரித் தண்ணீரை ஊற்றினால் தொட்டி 29.5 டிகிரிக்கு ஏறும். பெரும்பாலான மீன்கள் சமாளித்துவிடும். அதே 34 டிகிரித் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால் 31 டிகிரி. பத்து நிமிடத்தில் மூன்று டிகிரி ஏற்றம் என்பது இறாலுக்கும் நியான் டெட்ரா போன்ற சின்ன மீனுக்கும் பெரிய அடி.

இந்தக் கணக்கு தண்ணீர் நன்றாகக் கலந்த பிறகுதான் பொருந்தும். ஊற்றும் நேரத்தில், தண்ணீர் விழும் இடத்தில் நிற்கும் மீன் 34 டிகிரியில்தான் இருக்கும். அதனால் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு தட்டின் மேலோ ஃபில்டரின் வாயிலோ விழும்படி ஊற்றினால் வேகமும் குறையும், கலப்பும் சீராக இருக்கும். இறால் தொட்டிக்கு ஏர் டியூபில் (ஏர் பம்புக்குப் போடும் மெல்லிய குழாய்) ஒரு முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக விடுவதுதான் நல்லது.

மத்தியானம் குழாய்த் தண்ணீர் ஏன் இவ்வளவு சூடு? எந்தக் குழாயில் பிடிப்பது?

தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடுகளில் பொதுவாகச் சமையலறைக் குழாய்க்குத் தெருக் குழாயிலிருந்து நேராகத் தண்ணீர் வரும். குளியலறைக் குழாய்களுக்குக் கூரைக்கு அடியில் இருக்கும் டேங்கிலிருந்து வரும். ஓடு காய்ந்து, டேங்க் இருக்கும் இடம் முழுக்க அனலாகி, மத்தியானம் இரண்டு மூன்று மணிக்கு அந்தத் தண்ணீர் நன்றாகச் சுடும். சுவருக்கு வெளியே வெயில் படும்படி குழாய் போயிருந்தால் முதலில் வரும் தண்ணீர் இன்னும் மோசம்.

எனவே சமையலறைக் குழாயில் பிடியுங்கள், முடிந்தால் காலை ஆறு ஏழு மணிக்கு. இரவு முழுக்க ஆறிய தண்ணீர் அப்போதுதான் கிடைக்கும். ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. நேராக வரும் தண்ணீரில் குளோரின் கொஞ்சம் அதிகமாக இருக்கும். டேங்கில் கிடந்த தண்ணீரில் அது ஓரளவு குறைந்திருக்கும், முழுக்கப் போயிருக்காது. இரண்டுக்குமே ஆன்டி குளோரின் (குளோரினைச் செயலிழக்கச் செய்யும் சொட்டு மருந்து) வேண்டும்.

பிளாட், கொண்டோவில் இருப்பவர்களுக்கு இந்தத் தேர்வு இல்லை. தண்ணீர் எல்லாமே மொட்டைமாடி டேங்க் வழியாகத்தான் வரும். மேல்மாடிக்காரர்கள் விடிகாலையில் பிடித்து வைப்பதுதான் வழி.

கையை விட்டுப் பார்த்தால் தெரியாதா? எதற்குத் தெர்மாமீட்டர்?

தெரியாது. நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 33 டிகிரி. 31 டிகிரித் தண்ணீர்கூடக் கைக்கு இதமாக, சற்றுக் குளிர்ச்சியாகவே படும். மீனுக்கு அது குளிர்ச்சியே இல்லை. தொட்டிக்கு ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர், வாளிக்கு ஒன்று. சில ரிங்கிட்தான் ஆகும். ஹீட்டரை வாங்குவதற்கு முன்னால் இதை வாங்குங்கள்.

சூடான தண்ணீர் மீனை என்ன செய்கிறது?

தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் 7.6. 34 டிகிரியில் ஏறக்குறைய 7. அதே நேரத்தில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிறது. தேவை ஏறும்போது இருப்பு இறங்குகிறது.

அடுத்தது அம்மோனியா. மீன் கழிவிலிருந்து வரும் இது தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாது, மற்றது விஷம். வெப்பமும், பிஎச் எனப்படும் காரத்தன்மை அளவும் ஏறினால் விஷ வடிவத்தின் பங்கு கூடும். பிஎச் 8 உள்ள தொட்டியில் 25 டிகிரிக்கு அந்தப் பங்கு சுமார் 5 சதவீதம், 30 டிகிரிக்கு 7.5 சதவீதம். பிஎச் 7 என்றால் இரண்டு நிலையிலும் 1 சதவீதத்துக்கும் கீழேதான். கோரல் கல், சிப்பி ஓடு போட்டு பிஎச்சை ஏற்றி வைத்திருப்பவர்கள் வெயில் காலத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியது இதனால்தான்.

தண்ணீர் மாற்றிய பிறகு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அடியில் படுத்தாலோ வெப்பநிலையைத்தான் முதலில் பாருங்கள். அப்புறம் குளோரினைச் சந்தேகியுங்கள்.

தெரியாமல் சூடான தண்ணீரை ஊற்றிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

ஏர் பம்பை முழு வேகத்தில் ஓட விடுங்கள். மூடியைத் திறந்து, மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்புங்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இரண்டு டிகிரி இறங்கினாலே நல்ல பலன். மணிக்கு ஒரு டிகிரி வீதம் இறங்கினால் போதும். பதறிப்போய்க் குளிர்ந்த தண்ணீரை ஒரே அடியாக ஊற்றினால் மீன் இரண்டாவது அடியையும் வாங்கும். அன்றைக்கு உணவு போட வேண்டாம்.

ஐஸ் போடலாமா?

தொட்டிக்குள் நேராக வேண்டாம். ஐஸ் கட்டி இருக்கும் மூலை மட்டும் சில்லென்று ஆகும், கடையில் வாங்கிய ஐஸ் என்றால் குளோரினும் சேர்ந்து வரும். வாளித் தண்ணீரை ஆற்றுவதற்கு ஐஸ் நல்ல வழி. அரை லிட்டர் மினரல் வாட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்து, மூடியோடு 20 லிட்டர் வாளிக்குள் போடுங்கள். ஐஸ் முழுக்க உருகி முடிந்தால் வாளி ஏறக்குறைய இரண்டரை டிகிரி இறங்கும். ஐஸ் உருகுவதற்கே நிறைய வெப்பத்தை இழுக்கும், அதனால்தான் இவ்வளவு சின்ன பாட்டில் போதுமானதாக இருக்கிறது. தண்ணீரைக் கலக்கிவிட்டு அளந்து பார்த்து, தொட்டியின் அளவுக்கு வந்ததும் பாட்டிலை எடுத்துவிடுங்கள்.

முதல் நாளே பிடித்து வைத்தால் குளோரினும் போகும், சூடும் ஆறும் என்கிறார்கள். கொசு வராதா?

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். 24 மணி நேரம் வீட்டுக்குள் நிற்கும் தண்ணீர் அறை வெப்பத்துக்கு வந்துவிடும், உங்கள் தொட்டியும் கிட்டத்தட்ட அதே வெப்பத்தில்தான் இருக்கும். ஒரு ஏர் ஸ்டோனை (ஏர் பம்பின் காற்றைக் குமிழிகளாக விடும் கல்) போட்டு விட்டால் சாதாரணக் குளோரினும் வேகமாக வெளியேறும். ஆனால் குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமின் இருந்தால், வெறுமனே நிற்க வைத்தால் போகாது. ஆன்டி குளோரின் சில துளிகள் போட்டுவிட்டால் கவலை இல்லை. கடைகளில் விற்கும் ஆன்டி குளோரினில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். குளோரினை உடனே செயலிழக்கச் செய்துவிடும்.

கொசு பற்றிய பயம் நியாயமானது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஒரு நாள் வைக்கும் வாளியில் அது நடக்காது. "அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம்" என்று மூலையில் தள்ளிவைத்த வாளியில்தான் நடக்கும். வாளியின் வாயைக் கொசுவலைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். பயன்படுத்தாவிட்டால் அன்றைக்கே கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை வாளிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. வீட்டில் கொசுப்புழு கண்டால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி 500 ரிங்கிட் வரை காம்பவுண்ட் அபராதம் உண்டு, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அதைவிட அதிகம். அபராதத்தை விடுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்கி வந்தால் அதை எப்படித் தாங்குவது. கொசுப்புழு கொல்லும் அபேட் மருந்தை இந்த வாளியில் போடாதீர்கள், இறால்களைக் கொன்றுவிடும்.

என் தொட்டி ஏர்கோன் அறையில் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

இரவெல்லாம் ஏர்கோன் ஓடும் அறையில் தொட்டி 24 டிகிரிக்கு இறங்கிவிடும், பகலில் மறுபடி ஏறும். ஹீட்டர் உண்மையிலேயே உதவும் இடம் இது. தண்ணீர் மாற்றுவதை, ஏர்கோனை நிறுத்திப் பல மணி நேரம் ஆன பிறகு சாயங்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 24 டிகிரித் தொட்டிக்கு 30 டிகிரித் தண்ணீர் ஊற்றுவதைவிட அது மென்மையானது. புதுத் தண்ணீர் வாளியையும் அதே அறையில் வைத்துவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

எல்லா மீனுக்கும் ஒரே வெப்பநிலையா?

இல்லை. தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் மீன், 18 முதல் 24 டிகிரிதான் அதற்குச் சுகம். பினாங்கில் அது 29 டிகிரியில் வாழ்கிறது என்றால் தாங்கிக்கொண்டு வாழ்கிறது என்று பொருள். மீன் எண்ணிக்கையைக் குறைத்து, காற்றை அதிகம் கொடுங்கள். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 வேண்டும், அதனால் நம் ஊர் அதற்கு மிகவும் பொருத்தம். பினாங்கு டிஸ்கஸ் வளர்ப்புக்குப் பெயர் எடுத்ததில் இந்தத் தட்பவெப்பத்துக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். கோரிடோராஸ் வேறு ரகம். அதன் சொந்த ஊரில் மழை வந்து ஆறு குளிர்ந்தால் முட்டையிடும் காலம். வளர்ப்பவர்கள் அதற்காகவே இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த தண்ணீரை வேண்டுமென்றே ஊற்றுவார்கள்.

தண்ணீர் வெட்டு வந்தால்?

2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகள் மாற்றியபோது, 10ஆம் தேதி தொடங்கிப் பினாங்கின் பல பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் இல்லை. நம் தண்ணீரில் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றிலிருந்து எடுத்து சுங்கை டுவாவில் சுத்திகரிக்கப்படுவதுதான், அதனால் அங்கே ஒரு வேலை நடந்தால் தீவுக்கும் பெருநிலத்துக்கும் சேர்த்தே அடி.

மீன் தொட்டிக்கு நான்கைந்து நாள் தண்ணீர் மாற்றாமல் இருப்பது ஆபத்து இல்லை. உணவைப் பாதியாகக் குறையுங்கள், இரண்டு நாளைக்கு ஒரு முறை போட்டாலும் போதும். வெட்டுக்கு முந்தின நாள் வழக்கமான மாற்றத்தைச் செய்து, ஆவியாவதை ஈடுகட்ட ஒரு வாளி மட்டும் பிடித்து வையுங்கள். தண்ணீர் திரும்ப வந்த அன்றைக்கு அவசரப்படாதீர்கள். முதலில் கலங்கலாக வரும், குளோரினும் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கலாம். தெளிந்து வந்ததும் ஒரு நாள் பிடித்து வைத்து, அப்புறம் மாற்றுங்கள்.

வெளியே எடுக்கும் தண்ணீர் செடிக்கு உரம் என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான், ஆனால் மிதமான உரம். இரண்டடித் தொட்டி ஒன்றில் வாரம் 20 லிட்டர் மாற்றுகிறீர்கள், மீன் கழிவிலிருந்து உண்டாகும் தழைச்சத்து உப்பான நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாளியில் இருக்கும் தழைச்சத்து ஏறக்குறைய 0.18 கிராம். யூரியாவில் சொன்னால் அரை கிராமுக்கும் குறைவு. இதை மட்டும் நம்பி வாழைக்குலை பெரிதாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தொட்டிச் செடிக்கு வாரம் ஒரு முறை இவ்வளவு நீர்த்த உரம் கிடைப்பது பொருத்தமானது, வேரைச் சுடாது. குளோரினும் கிடையாது. கொஞ்சம் மணிச்சத்தும் சேர்ந்திருக்கும்.

சத்து அதிகம் இருப்பது அடிக்கல்லை உறிஞ்சும்போது வரும் பழுப்புத் தண்ணீரில். அதைத் தனி வாளியில் பிடித்து முருங்கை, வாழை, பப்பாளிக்கு ஊற்றுங்கள். மேலே தெளிந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கும் பாண்டானுக்கும் எலுமிச்சைப்புல்லுக்கும் போகட்டும். மண்ணில் ஊற்றுங்கள், இலையில் தெளிக்க வேண்டாம். அன்றைக்கே ஊற்றிவிடுங்கள், மறுநாள் வரை வைத்தால் நாற்றம் எடுக்கும்.

பச்சையாகச் சாப்பிடும் புதினா, கொத்தமல்லி, சாலட் கீரைக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம். ஆமை வளர்க்கும் தொட்டித் தண்ணீர் என்றால் எந்த உணவுச் செடிக்குமே வேண்டாம், அதில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

துளசிக்கு ஊற்றலாமா? அம்மா வேண்டாம் என்கிறார்.

செடிக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடும் துளசி என்றால் அம்மா சொல்வதைக் கேளுங்கள். மீன் கழிவு கலந்த தண்ணீரை மாடத்தில் ஊற்றுவது பெரியவர்களுக்கு மனசுக்கு ஒப்பாது. பக்கத்தில் இருக்கும் கறிவேப்பிலை அதைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளும்.

மருந்து போட்ட தண்ணீர், உப்புப் போட்ட தண்ணீர்?

செடிக்குக் கூடவே கூடாது. வெள்ளைப்புள்ளி நோய்க்கு லிட்டருக்கு 3 கிராம் உப்புப் போட்டிருந்தால் 20 லிட்டர் வாளியில் 60 கிராம் உப்பு இருக்கிறது. இரண்டு வாரம் ஊற்றினால் பூந்தொட்டி மண் கெட்டுவிடும். மாலகைட் கிரீன், ஃபார்மலின், செம்புச் சத்துள்ள மருந்துகள் போட்ட தண்ணீர் உணவுச் செடிப் பக்கமே போகக் கூடாது. இவற்றைக் கழிவறைப் பீங்கானில் ஊற்றிவிடுங்கள். அது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர்க் கால்வாயில் ஊற்றினால் நேராக ஆற்றுக்கும் கடலுக்கும் போய்விடும்.

பதினைந்தாவது மாடியில் இருக்கிறேன், செடியே இல்லை.

கழிவறை ஃபிளஷுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய ஃபிளஷ் தொட்டிகள் ஒரு முறைக்கு 6 லிட்டர் வரை எடுக்கும், 20 லிட்டர் வாளி மூன்று முறைக்கு வரும். வாரம் 20 லிட்டர் என்றால் ஒரு வருடத்தில் ஆயிரம் லிட்டருக்கு மேல் சேரும். ஃபிளஷ் தொட்டிக்குள் ஊற்றாமல் பீங்கானில் நேராக வேகமாக ஊற்றுங்கள், உள்ளே ஊற்றினால் பாசி படிந்து ரப்பர் வால்வு கெடும்.

வெளியே ஊற்றுவதற்கு முன்னால் ஒரு முக்கியமான வேலை அந்த வாளிக்கு இருக்கிறது. ஃபில்டர் பஞ்சை அதில் பிழிந்து கழுவுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் பஞ்சில் வாழ்ந்து அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்களைக் குளோரின் கொன்றுவிடும். புதிதாக மீன் வளர்ப்பவர்கள் தொட்டியைப் "பளிச்சென்று" கழுவிய மறுநாள் மீன் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சிறிய கப்பிக் குஞ்சு, நத்தை எல்லாம் வாளியில் வந்துவிடுகிறது. கால்வாயில் விடலாமா?

விடவே கூடாது. நம் நாட்டு ஆறுகளில் பரவிக் கிடக்கும் இக்கான் பண்டாராயாவும் இப்படி வீட்டுத் தொட்டியிலிருந்து போன மீன்தான். தொட்டிச் சுவரில் படியும் பாசியைச் சுத்தம் செய்ய வாங்கி, பெரிதானதும் விட்டுவிட்டார்கள். தண்ணீரை மெல்லிய வலைத் துணி வழியாக வடிகட்டிச் செடிக்கு ஊற்றுங்கள். சிக்கிய குஞ்சைத் தொட்டிக்கே திருப்பி விடுங்கள், நத்தையையும் பாசியையும் தனியாக எடுத்துக் காய வைத்துக் குப்பையில் போடுங்கள். வளர்க்க முடியாத மீனைக் கடைக்காரரிடம் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

மழைத் தண்ணீர், ஏர்கோன் தண்ணீர் தொட்டிக்கு ஆகுமா?

மழைத் தண்ணீரில் தாதுச் சத்து கிட்டத்தட்ட இல்லை. அதை மட்டும் ஊற்றினால் பிஎச் நிலையில்லாமல் சட்டென்று இறங்கும். துத்தநாகத் தகரக் கூரையில் ஓடி வந்த தண்ணீர் இறாலுக்கு ஆகாது. நேராக வானத்திலிருந்து பிடித்ததை, குழாய்த் தண்ணீரோடு மூன்றில் ஒரு பங்கு கலக்கலாம். ஏர்கோன் தண்ணீர் உள்ளே இருக்கும் உலோகத் தகட்டிலும் தூசியிலும் பட்டு வருவது. செடிக்கும் தரை துடைக்கவும் நல்லது, மீனுக்கு வேண்டாம்.

டிஸ்கஸ் வைத்திருக்கிறேன். தினமும் நூறு லிட்டருக்கு மேல் வெளியே போகிறது. இவ்வளவை எங்கே விடுவது?

வாளி இதற்குச் சரிப்படாது. மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டிரம் ஒன்றைத் தொட்டியைவிடத் தாழ்வான இடத்தில் வையுங்கள். ஹோஸைப் போட்டால் தண்ணீர் தானாக இறங்கிவிடும். டிரம்மின் அடியில் ஒரு குழாய் பொருத்தி அதிலிருந்து தோட்டத்துக்கு ஹோஸ் இழுத்துக்கொள்ளலாம். தோட்டம் குடிப்பது போக மிச்சம் கார் நிறுத்துமிடம் கழுவ, சேற்றுச் செருப்பு கழுவ, கழிவறைக்கு. ஒரே மரத்துக்குத் தினமும் நூறு லிட்டர் ஊற்றினால் வேர் அழுகும், இடத்தை மாற்றி மாற்றி விடுங்கள். அக்கம்பக்கத்தில் காய்கறித் தோட்டம் போடுபவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், பிப்ரவரி மாத வறட்சியில் கேனோடு வந்து எடுத்துப் போவார்கள். டிரம்மை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை முழுக்கக் காலி செய்யுங்கள். மூடியின் இடுக்கில் கொசு புகாத அளவுக்குத் துணியைச் சுற்றி வையுங்கள்.

புதுத் தண்ணீருக்கும் இதே அளவில் இன்னொரு டிரம் வேண்டும். இரவில் நிரப்பி, ஏர் ஸ்டோன் போட்டு, மறுநாள் சாயங்காலம் தொட்டிக்கு விடுங்கள். டிஸ்கஸ் தொட்டி 29 டிகிரி என்றால் டிரம் அநேகமாக 28இல் நிற்கும். மழைக் காலத்தில் மட்டும் அதற்குள் ஒரு சின்ன ஹீட்டர் தேவைப்படலாம். டிரம்மிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை ஓட்டுவதற்கு முன்னால் ஹீட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். தண்ணீர் இறங்கி ஹீட்டர் வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும்.